மொட்டு விரியக் கூடாது

பிப்ரவரி 8

வண்டி தாமதம். பிளம் கிளைகள் வந்து இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். நல்ல சரக்கு, மொட்டெல்லாம் மிளகு மாதிரி இறுகியிருக்கிறது. தோட்டக்காரர், "இந்த வருஷம் குளிர் சரியா விழுந்திருக்கு. எந்திரிச்சா ஒரேயடியா எந்திரிக்கும், பாத்துக்குங்க" என்றார். எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குக் காசு. கல்யாணம் என்றைக்கோ அன்றுவரை மொட்டைக் குளிர் அறையில் தூங்கவைப்பேன். பிறகு மெல்லச் சூடு கொடுத்து எழுப்பி, விரிகிற பதத்தில் அனுப்புவேன். ஆஸ்பத்திரி வாசலில் வாளி வைத்துப் பூ விற்றவள் கிடங்குக்காரி ஆனது இந்த ஒரு வித்தையால்தான்.

மதியம் மகள் வந்தாள். போன சீசனுக்குப் பிறகு கிடங்குப் பக்கம் அவள் வருவது இதுதான் முதல் தடவை. தோளில் கேமராப் பை.

"சின்ன ரூம் காலியா இருக்காம்மா?"

"எதுக்கு?"

"பூ விரியறத எடுக்கணும். கடைசி டெர்ம் படம்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? கை சும்மா இருக்கவில்லை, ரப்பர் பேண்ட் எடுக்கப் போகிறவள் மாதிரி மேஜை டிராயரைத் திறந்தேன். ரப்பர் பேண்டுக்கு அடியில் அவள் அறைத் தாழ்ப்பாள் கிடந்தது, ஸ்க்ரூவெல்லாம் சேர்த்து. போன வருஷம் என் தம்பி கழற்றிக் கொடுத்தது. பட்டென்று மூடினேன். பார்த்தாளா, இல்லையா? தெரியவில்லை.

பிப்ரவரி 9

தூக்கமே இல்லை. மகளைப் பார்க்கிற டாக்டரம்மா டைரி எழுதச் சொன்னது அவளை. எழுதிக்கொண்டிருப்பது நான்.

போன வருஷமும் பூதான். தெரு மரங்கள் பூத்ததைப் படம் எடுத்தாள். எடுத்த நாளெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள் — சாப்பிட்டாள், என்னோடு சண்டை போட்டாள், பாத்ரூமில் பாடினாள். கல்லூரியில் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வரேம்மா" என்று வெளியே போனாள்.

பாலத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்தது ஒரு பஸ் டிரைவர். நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், "பாப்பா, பஸ்ல ஆளுங்க காத்துட்டிருக்காங்க, வா, ஏறு" என்றாராம். அவளும் ஏறினாள். என்ன சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பாளா, அந்த வார்த்தைக்குத்தான் ஏறினாளா? இன்னும் கேட்கவில்லை. கேட்க தைரியம் இல்லை.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: படம் நடக்கிறவரை அவள் இருக்கிறாள். முடிந்ததும்—

எழுத வரவில்லை.

பிப்ரவரி 12

சின்ன அறை ஸ்டூடியோ ஆகிவிட்டது. சுவர் முழுக்கக் கறுப்புத் துணி. நடுவில் வாளித் தண்ணீரில் ஒரு கிளை. கட்டுக்கட்டாக எடுத்துப் பார்த்து, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி தேர்ந்தெடுத்தாள். எதிரே ஸ்டாண்டில் கேமரா. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாக விளக்கு எரியும், ஒரு படம் எடுக்கும், அணையும். பகல் இரவு பார்க்காமல் அப்படியே போகும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் மொட்டு கண்முன்னே விரியுமாம்.

தம்பி வயர் இழுத்துக் கொடுக்க வந்தான். குளிர்சாதன மெக்கானிக், என் இரண்டு அறையும் அவன் கை வேலைதான். "ஏன் டைரக்டரம்மா, ஒரு பூ விரியறதுக்குள்ள எனக்கு முடி கொட்டிருமே" என்றான். அவன் தலை வழுக்கை. மகள் சிரித்தாள். "கொட்ட இனி என்ன மாமா இருக்கு? புருவம்தான்" என்றாள்.

போன வருஷமும் இப்படித்தான் சிரித்தாள்.

கதவுக்கு வெளியே இருக்கிற குளிர் டயலைப் பன்னிரண்டு டிகிரியில் வைத்தாள். அந்தச் சூட்டில் மாதம் முடிவதற்குள் விரிந்துவிடும். அவளுக்குத் தெரியும், என் மகள்தானே.

"மார்ச் இருபதுக்குள்ள குடுக்கணும்மா. தாராளமா டைம் இருக்கு."

பிப்ரவரி 13

தாராளமாக இல்லை.

பிப்ரவரி 17

காலையில் கிடங்கைத் திறந்ததும் நேராகச் சின்ன அறைக்குப் போனேன். கதவில் இருக்கிற கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மொட்டின் நுனியில் வெள்ளைக் கீறல். பிளம் அப்படித்தான்: முதலில் நூல் மாதிரி ஒரு கோடு, அப்புறம் யார் தடுத்தாலும் நிற்காது.

கதவில் கை வைத்து நின்றேன். பிறகு டயலைப் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்.

அவள் வகுப்பு முடிந்து வருவது மதியத்துக்கு மேல். வருமுன் மறுபடி பன்னிரண்டில் வைத்துவிட்டேன். அறை சில்லென்று இருந்திருக்கும். "இந்தப் பக்கத்துக் காத்து" என்று சொல்ல நினைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

இது ஏமாற்றுதான். தெரிந்தே செய்கிறேன். கெடுக்கவில்லை, தள்ளிப்போடுகிறேன். இத்தனை வருஷமாக ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்குத் தள்ளிப்போட்டதை என் பிள்ளைக்காகச் செய்யக் கூடாதா?

பிப்ரவரி 18

இன்றும்.

பிப்ரவரி 21

இன்றும். கதவுக்கு மேலே வயர் குழாயில் தம்பி எதையோ கறுப்பு டேப்பால் சுற்றி ஒட்டிவைத்திருக்கிறான். வேலை முடிந்தால் மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் இல்லை. சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 24

மொட்டு அப்படியே நிற்கிறது. அந்த வெள்ளைக் கீறலும் அப்படியே.

மகள் கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் படங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபமா, கவலையா? வியாபாரத்தில் எதிராளி முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவள் நான். என் பிள்ளை முகம் மட்டும் எனக்குப் படிக்க வரவில்லை.

"என்னம்மா இது, அசைய மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

"சில கட்டு அப்படித்தான். சோம்பேறிக் கட்டு."

என்னைப் பார்த்தாள். "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 27

தம்பி மெஷின் பார்க்க வந்தான். சின்ன அறை மோட்டாரில் காதை வைத்துக் கேட்டான். பிறகு என் மேஜைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, பூ விரியற ரூமுக்கு மோட்டார் இவ்வளவு ஓடக் கூடாதே."

"பழசாயிருக்கும்."

"போன வருஷம் நான் மாட்டினது."

நான் ரசீது எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"சரி. எனக்குத் தெரியாதுன்னே வெச்சுக்க. கரண்ட் பில்லு வாய மூடிட்டு இருக்காது." எழுந்தவன் திரும்பி, குரலை இறக்கி, "எவ்வளவு நாளைக்குக்கா?" என்றான்.

"இருபதாம் தேதி தாண்டட்டும். படம் குடுக்கலன்னா அடுத்த டெர்ம் குடுக்கச் சொல்லுவாங்க. வேலை இருந்துட்டே இருக்கும்."

"பெயில் ஆக்கிருவாங்க."

"ஆகட்டுமே. உயிரோட பெயில் ஆகட்டும்."

டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போனான். கதவுக்கு மேல் ஒட்டிய டேப்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 3

விசித்திரமான நாள். மகள் நேரத்தோடு வந்தாள், அறைக்குள் போகவில்லை. என்னோடு உட்கார்ந்து ரோஜாக் கட்டுக்கெல்லாம் காகிதம் சுற்றினாள். அவள் சுற்றினால் கூம்பு சரியாக வரும், என்னை விட. வாடிக்கையாளர் ஒருத்தர் விலை குறைக்கச் சொல்லி நின்றார். "எங்கம்மா கிட்டயா? நீங்க புதுசா?" என்றாள். அவரும் சிரித்துவிட்டு, நான் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படியே இருந்தால் போதும் என்று தோன்றியது. மொட்டு மூடி, அவள் இங்கே, நான் இங்கே.

போகும்போது, "அம்மா, உன் விரல்ல என்ன?" என்றாள். கிளை வெட்டுகிற கத்தி பட்டது, பிளாஸ்திரி போட்டிருந்தேன். எப்போதும் அதையெல்லாம் கவனிக்கிற பெண் இல்லை. எப்படிப் பார்த்தாள்?

மார்ச் 8

போய்விட்டது.

கேமராவுக்குத் தெரியாத பின்பக்கத்தில் ஒரு மொட்டைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன். நடுவில் கறுப்பு. இன்னொன்று. அதுவும் கறுப்பு. கண் திறக்கப்போன மொட்டைத் திரும்பத் திரும்பத் தூங்கவைத்தால் இப்படித்தான் ஆகும். இதைச் சின்ன வியாபாரிகளுக்கு நான் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் கை அதை மறந்துவிட்டது.

அந்தக் கிளை இனி விரியாது. இன்றோ நாளையோ மொட்டு ஒவ்வொன்றாக உதிரும். அதை அவள் பார்ப்பாள். முடியக் கூடாது என்று நினைத்தேன். இப்படியா முடியும்?

மார்ச் 9

மாற்றிவிட்டேன்.

பெரிய அறையில் அதே லாட்டில் இன்னொரு கட்டு இருந்தது. அதில் அதே உயரம், அதே வளைவு உள்ளதாகப் பொறுக்கி எடுத்தேன். கேமரா மேல் துணியைப் போட்டுவிட்டு, பழையதை உருவி, புதியதை அதே சாய்வில் நிறுத்தினேன். பழையதைப் பின்கட்டுக் குப்பைக் குவியலில் போட்டேன். ஒரு கட்டுக் கிளைக்கும் இன்னொரு கட்டுக் கிளைக்கும் வித்தியாசம் சொல்கிற ஆளை இந்த மார்க்கெட்டில் நான் பார்த்ததில்லை.

டயலை இனித் தொட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். தொடாமல் இருந்தால் இது விரியும். விரிந்தால் படம் முடியும். இந்தப் பக்கம் போனாலும் அதே இடம், அந்தப் பக்கம் போனாலும் அதே இடம்.

மார்ச் 11

நேற்று நடந்ததை இன்று காலையில் எழுதுகிறேன்.

நேற்று மதியம் வந்தாள். அறைக்குள் போனாள். கதவுக் கண்ணாடியில் அவள் முதுகு தெரிந்தது. கிளைக்கு எதிரே அசையாமல் நின்றாள். வெளியே வந்து என் மேஜையைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். பையை விட்டுவிட்டுப் போனாள். "எங்கடி போற?" என்றேன். திரும்பவில்லை.

ஒரு மலர்வளைய ஆர்டர், ஆள் எதிரே நின்றார். அவருக்கு ரசீது போட்டுக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது. ரசீது போட்டேன். பிறகு போன் அடித்தேன். போன் அவள் பைக்குள் அடித்தது.

பாலத்துக்கு ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் அறுந்தது, விட்டுவிட்டேன். கம்பி நெடுக, ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டு போனேன். சைக்கிள்காரர்கள், குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு அம்மா. அவள் இல்லை. இல்லை என்பது நல்லதா, கெட்டதா? கீழே தண்ணீரைப் பார்க்க முடியவில்லை. பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது, டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏறறீங்களாம்மா?" என்றார். அவரா, வேறு ஆளா, தெரியாது. ஏறினேன்.

தம்பியிடம் சொல்லலாம் என்று கிடங்குக்குத் திரும்பினேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பின்கட்டில் சலசலவென்று சத்தம். எலி என்று நினைத்தேன்.

அவள்தான். குப்பைக் குவியலில் முழங்கால் வரைக்கும் இறங்கி நிற்கிறாள். தண்டு, அழுகின இலை, காகிதம், எல்லாவற்றையும் வாரி வாரிப் பின்னால் எறிகிறாள். கையில் ஒரு கிளை. தூக்கிக் காட்டினாள்.

"இதுதான" என்றாள்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்படிடி தெரிஞ்சுது?"

"அம்மா, ஒரு மாசமா இதையே பாத்துட்டிருக்கேன். இதோட மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"நீ எங்க போனே? நான் பாலத்துக்குப் போய்—" ஊரே கேட்கிற மாதிரி அழுதேன். விலை பேசுகிற இந்த வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

அவள் குவியலிலிருந்து இறங்கி வந்தாள். செருப்பில்லாத என் காலைப் பார்த்தாள்.

"முன்பக்கக் குப்பை வண்டியத் தேடிப் போனேன். அள்ளிட்டுப் போயிட்டாங்களோன்னு. தெருக்கோடி வரைக்கும் போய்ப் பிடிச்சேன். அவங்க பின்பக்கம் இன்னும் எடுக்கலன்னாங்க." பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லிட்டுப் போயிருக்கணும். கோவத்துல சொல்லல."

"டயல் நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நீ திருகின ரெண்டாவது நாள்லேர்ந்து. கதவுக்கு மேல பழைய போன ஒட்டி வெச்சிருக்கேன். டயல் நம்பரும் படத்துல ஓடணும்னு. நீ பாத்தும் கண்டுக்கல."

தம்பி மேல் நான் பழி போட்ட டேப்.

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லம்பே. சோம்பேறிக் கட்டும்பே." கிளையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "மொத நாள் பயங்கரக் கோவம். அப்புறம் வரிசையா பாத்தேன். தினமும் திருகறதுக்கு முன்னாடி கதவுல கைய வெச்சுக்கிட்டு நிக்கிற. பிளாஸ்திரி போட்ட விரல். அதுக்கப்புறம் நான் பூவ விட்டுட்டேம்மா. உன் கையத்தான் எடுத்துட்டிருந்தேன்."

அப்போதுதான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"போன வருஷம் படம் முடிஞ்சதாலதான—"

"இல்ல." கிளையை மடியில் வைத்தாள். "வாத்தியாருக்குப் பிடிக்கற மாதிரி எடுத்தேன். எல்லாரும் கைதட்டினப்ப, யாருக்குத் தட்டறாங்கன்னே எனக்குத் தெரியல. நான் அதுல எங்கயுமே இல்ல. அதுக்கு முன்னாடியும் ரொம்ப நாளா அப்படித்தான் இருந்துச்சு. படம் அத மறைச்சுது, அவ்வளவுதான்."

"இப்போ?"

"இப்போ டாக்டர் கிட்ட போறேன். மாத்திரை சாப்பிடறேன். சில நாள் நல்லா இருக்கு. சில நாள் இல்ல." என் தோளில் தலை வைக்கவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. முழங்கையால் என்னை இடித்தாள். "இல்லாத அன்னைக்கு உங்கிட்ட சொல்றேன். நீ டயல் கிட்ட போகாம எங்கிட்ட கேளு."

சரி என்றேன். செய்வேனா? செய்ய வேண்டும்.

மார்ச் 14

செத்த கிளையைச் சின்ன அறையில் வைத்து, ஒரு மொட்டை பிளேடால் நேர்நடுவில் பிளந்தாள். கேமரா கிட்டத்தில். என்னைத்தான் விளக்கைப் பிடிக்கச் சொன்னாள். உள்ளே இதழ், நடுத்தண்டு, எல்லாம் இருந்தது, மடித்து வைத்த துணி மாதிரி. எல்லாம் பழுப்பு. "அசையாதம்மா" என்றாள். நான் அசையவில்லை, விளக்குதான் நடுங்கியது. "பரவால்ல, அதுவும் இருக்கட்டும்" என்றாள்.

மார்ச் 17

நான் மாற்றி வைத்த கிளையை வாளியோடு மூலையில் தள்ளிவைத்திருந்தோம். இன்று பார்த்தால் அத்தனையும் விரிந்து நிற்கிறது. கேமரா அதைப் பார்க்கவே இல்லை. மகளைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு கல்யாணக்காரர் வந்து கேட்டார். கொடுத்துவிட்டேன்.

சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ இருக்கியே" என்றாள்.

மார்ச் 21

கல்லூரியில் போட்டார்கள். தம்பியும் நானும் பின் வரிசை. மொட்டு, நம்பர், என் கை. மொட்டு, நம்பர், என் கை. கை வருகிறபோதெல்லாம் நான் முந்தானையில் கையை ஒளித்துக்கொண்டேன். முகம் எங்கேயும் இல்லை, இருந்தாலும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. "அக்கா, மோட்டார் சத்தம் நல்லா பதிவாயிருக்கு" என்று தம்பி காதில் சொன்னான். அவன் கண் ஈரம்.

கடைசியில் பிளந்த மொட்டு. நடுங்குகிற வெளிச்சம். பிறகு இருட்டு.

கைதட்டல் உடனே வரவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. வாத்தியார், "பூ எங்கம்மா?" என்று கேட்டார். "வித்துட்டாங்க சார்" என்றாள்.

நாளை மறுநாளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நாளைதான்.

மார்ச் 22

விடிந்ததிலிருந்து சமையலறையில் நிற்கிறேன். அவள் எழுந்தாள். தலைக்குக் குளித்தாள். டீ குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றுக்கும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

டயல் கிட்டே போகாமல் அவளிடமே கேட்டேன். "இன்னைக்கு எப்படி?"

"சுமார்" என்றாள். யோசித்துவிட்டு, "பயப்படற மாதிரி சுமார் இல்ல. தூங்கணும், அவ்வளவுதான். நைட்டெல்லாம் முழிச்சிருந்தேன்." பிறகு, "அம்மா, உன் டிராயர்ல என் தாழ்ப்பாள் இருக்குல்ல?"

பார்த்திருக்கிறாள். அன்றைக்கே.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவளிடமும் பேசவைத்தேன். பிறகு தம்பியை வரச் சொன்னேன். வழியில் கிடங்கில் இறங்கித் தாழ்ப்பாளை எடுத்து வந்தான். மாட்டினான். ஒரு ஸ்க்ரூ தொலைந்திருந்தது. தன் பையிலிருந்து ஒன்றைத் தேடிப் போட்டான்.

அவள் உள்ளே போனாள். தாழ் விழுந்த சத்தம் கேட்டது.

கதவில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கிடங்குக்குப் போனேன்.